பழைய பதிப்பின் ஆவணங்களை எங்கே வைப்பது? திறந்த மூலத் திட்டங்களுக்கான நான்கு வழிகள்

திறந்த மூல மென்பொருள் ஒன்றின் 2.0 பதிப்பு வெளியானதும் அதன் பயனர்கள் எல்லாரும் அன்றே அதற்கு மாறிவிடுவதில்லை. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களிலிருந்து நிறுவியவர்கள், அந்த வழங்கலின் அடுத்த வெளியீடு வரும்வரை பழைய 1.4-லேயே இருப்பார்கள். தாங்கள் பயன்படுத்தும் இன்னொரு லைப்ரரி 1.x வரிசையைத்தான் ஏற்கும் என்பதால், மாற விரும்பியும் மாற முடியாதவர்களும் இருப்பார்கள். இப்படிப்பட்ட ஒருவர் தேடுபொறி வழியாக ஆவணத்தளத்துக்கு வந்து, தம்மிடம் உள்ள பதிப்பில் இல்லாத ஒரு பாராமீட்டரைப் பற்றிப் படித்து, அதை அப்படியே தம் நிரலில் எழுதி, பிழைச்செய்தியைப் பார்த்துக் குழம்பினால், அந்தப் பக்கம் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும் அவருக்குப் பயனில்லை.

ஆகவே பதிப்புவாரியாக ஆவணம் வெளியிட வேண்டும் என்று பராமரிப்பாளர்கள் முடிவெடுக்கிறார்கள். உடனே பேச்சு ஸ்பிங்க்ஸா, எம்கேடாக்ஸா, டாக்குசாரஸா என்று ஆவணத்தளம் உருவாக்கும் கருவியின் பக்கம் போய்விடுகிறது. எந்தக் குறியீட்டு முறையில் எழுதுவது, தளம் எப்படித் தோற்றமளிப்பது என்பவற்றைக் கருவிதான் தீர்மானிக்கும், அவையும் முக்கியம்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்துப் பராமரிப்பாளரின் நேரத்தை எது விழுங்கும் என்பதைத் தீர்மானிப்பது, பழைய பதிப்பின் பக்கங்கள் எந்த வடிவில், எங்கே இருக்கின்றன என்பதே. கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் நிரல் வளரும் தனித்தனி இழைகளைக் கிளைகள் என்பார்கள். பழைய பக்கங்கள் முதன்மைக் கிளையிலேயே மூலக்கோப்புகளின் நகல்களாக இருக்கலாம். தனித்தனிக் கிளைகளில் மூலமாக இருந்து, வேண்டும்போதெல்லாம் மீண்டும் பில்ட் செய்யப்படலாம் (அதாவது மூலத்திலிருந்து தளமாக உருவாக்கப்படலாம்). ஒருமுறை பில்ட் செய்த எச்டிஎம்எல் கோப்புகளாக உறைந்து கிடக்கலாம். பழைய பதிப்பு என்று ஒன்றைத் தனியாக வைக்காமல், ஒரே ஆவணத்துக்குள் வேறுபாடுகளைக் குறித்துவிடுவது இன்னொரு வழி. இந்த நான்கில் எது என்று முடிவாகிவிட்டால் கருவியைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

இதற்கு நான் வைக்கும் உரைகல் ஒரே ஒரு கேள்விதான். மூன்று வெளியீடுகளுக்கு முந்தைய பதிப்பின் ஆவணத்தில் பிழை இருப்பதாக யாரோ தெரிவித்தால், அதை யார், எப்படித் திருத்துவார்கள்? திருத்த மாட்டோம் என்பதும் முறையான பதிலே. சொல்லப்போனால் பல திட்டங்களின் உண்மையான பதில் அதுதான். வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

ஒரே ஆவணம், உள்ளே குறிப்புகள்

பைத்தான் மொழியின் ஆவணத்தில் சரங்களுக்கான 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' என்ற மெத்தடைத் தேடிப் பார்த்தால், விளக்கத்தின் அடியில் அது 3.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். 3.8 வைத்திருப்பவர் அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் தமக்கு அது கிடைக்காது என்று தெரிந்துகொள்கிறார். ஸ்பிங்க்ஸில் இதற்கென்றே சேர்க்கப்பட்டது, மாற்றப்பட்டது, கைவிடப்படவிருக்கிறது என்று குறிக்கும் கட்டளைகள் இருக்கின்றன. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதுபவர்கள் ஒரு சிறு குறிப்புப் பெட்டியைக் கொண்டு இதையே செய்துகொள்ளலாம். பைத்தான் இந்தக் குறிப்புகளோடு பதிப்புவாரியான தளங்களையும் வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் சிறு திட்டங்களுக்குக் குறிப்புகள் மட்டுமே போதுமானவையாக இருப்பதுண்டு.

புதிய வெளியீடுகள் பெரும்பாலும் வசதிகளைச் சேர்ப்பவையாகவே இருந்து, ஏற்கெனவே இருப்பதை உடைப்பது அரிதாக இருந்தால், இந்த வழியைவிட மலிவானது வேறில்லை. பதிப்பு மாற்றும் பட்டியல் வேண்டாம், பழைய பில்ட் வேண்டாம், தேடுபொறியில் ஒரே பக்கம் ஐந்து முகவரிகளில் வந்து நிற்கும் தொல்லையும் இல்லை. பதிப்பு வசதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் டாக்குசாரஸின் ஆவணமே, பெரும்பாலான நேரங்களில் பதிப்புவாரி ஆவணம் தேவைப்படாது, அது பில்ட் நேரத்தையும் சிக்கலையும் கூட்டும் என்று பயனரை எச்சரிக்கிறது. கருவி செய்பவர்களே தங்கள் கருவியின் ஒரு வசதியைப் பற்றி இப்படிச் சொல்வது அடிக்கடி நடப்பதல்ல.

நீக்கங்களும் பெயர் மாற்றங்களும் வரும்போதுதான் இந்த வழி தடுமாறுகிறது. அமைப்புக் கோப்பின் வடிவமே 2.0-இல் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒரே பக்கத்தில் விளக்கப் போனால், பத்திக்குப் பத்தி நிபந்தனைகள் ஏறி, இரு தரப்புப் பயனர்களும் தங்களுக்கு வேண்டாததில் பாதியைப் படித்தாக வேண்டிய நிலை வந்துவிடும். அந்தக் கட்டத்தில் பதிப்புகளைப் பிரிப்பதுதான் சரி. பிரிக்கும்போதும் 1.4.1, 1.4.2 என்று ஒவ்வொரு திருத்த வெளியீட்டுக்கும் தனித்தளம் வைக்காமல் 1.4 என்ற வரிசைக்கு ஒன்று வைத்தால் போதும். திருத்த வெளியீடு என்பதே நடத்தையை மாற்றாதது என்ற உடன்பாட்டில்தான் அந்த எண் தரப்படுகிறது.

மூலக்கோப்புகளின் நகல்கள்

டாக்குசாரஸ் 2017-இல் ஃபேஸ்புக் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதில் பதிப்பை வெட்டும் கட்டளையை இயக்கினால், ஆவணக் கோப்புறையில் அப்போது உள்ள அத்தனை கோப்புகளும் பதிப்பு எண்ணைத் தாங்கிய வேறொரு கோப்புறைக்கு நகலெடுக்கப்படுகின்றன. பக்கப்பட்டியலுக்கும் ஒரு நகல் உருவாகிறது. பதிப்புகளின் பட்டியலான ஜேசன் கோப்பில் ஒரு வரி சேர்கிறது. அதற்குப் பின் முதன்மைக் கோப்புறையில் எழுதுவதெல்லாம் அடுத்த வெளியீட்டுக்கானது. கிளை, டேக் (வெளியீட்டின்போது நிரலின் நிலைக்கு இடப்படும் பெயர்) எதைப் பற்றியும் தெரிய வேண்டியதில்லை.

இதன் பெருமை, முன்னே சொன்ன உரைகல்லில் உரசும்போது தெரிகிறது. பழைய பதிப்பில் பிழையா? அந்தக் கோப்பைத் திறந்து திருத்தி, ஒரே கமிட்டில் (பதிவுசெய்த மாற்றத்தில்) நான்கு பதிப்புகளையும் சரிசெய்துவிடலாம். கிட்டில் கிளைகளுக்கிடையே கமிட்டைக் கொண்டுபோகப் பழகாத எழுத்தாளர்கள் இருக்கும் குழுவுக்கு இது பெரிய ஆறுதல். ஒரே பில்டில் எல்லாப் பதிப்புகளும் உருவாவதால், பதிப்புகளுக்கிடையே உள்ள உடைந்த இணைப்புகளையும் அந்த பில்டே பிடித்துக்கொடுக்கும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் மாறினால், எல்லாப் பதிப்புகளுக்கும் சேர்ந்தே மாறும்.

அந்த ஒரே பில்டுதான் இதன் சுமையும். 2023 அக்டோபர் இறுதியில் வெளியான டாக்குசாரஸ் 3, மார்க்டவுனுக்குள் நிரலையும் எழுதவிடும் எம்டிஎக்ஸ் வடிவத்தின் முதல் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்குத் தாவியது. புதிய எம்டிஎக்ஸ் இலக்கணத்தில் கண்டிப்பானது: சாதாரண வாக்கியத்துக்குள் வரும் நெளிவு அடைப்புக்குறியையும் 'சிறியது' என்ற குறியையும் நிரல் என்று எடுத்துக்கொண்டு, அவை சரியாக மூடப்படாவிட்டால் பில்டையே நிறுத்திவிடும். முன்பு எவ்விதத் தொந்தரவும் தராத பக்கங்கள் இதனால் நின்றுபோயின. நடப்புப் பக்கங்களைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தொட்டு மூன்று ஆண்டாகிவிட்ட 1.1 பதிப்பின் பக்கங்களும் அதே பில்டில் இருப்பதால் அவற்றையும் திருத்தியாக வேண்டும். கருவியின் ஒவ்வொரு பெரிய மாற்றத்தின் விலையையும் பதிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது இந்த வழியின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது.

இன்னொன்று சிறியதாகத் தோன்றும், நாள்தோறும் உறுத்தும். களஞ்சியத்தில் ஒரு சொல்லைத் தேடினால் ஒரே பத்தி ஐந்து கோப்புகளில் வந்து நிற்கும். முதல்முறை பங்களிப்பவர் அவற்றில் முதலில் கண்ணில் பட்டதைத் திருத்திப் புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கும்படியான கோரிக்கை) அனுப்புவார். அது பெரும்பாலும் தவறான பதிப்பாகவே இருக்கும். டாக்குசாரஸின் பரிந்துரை, உயிரோடு வைத்திருக்கும் பதிப்புகள் பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. பத்தே அதிகம் என்பது என் கருத்து. மூன்று அல்லது நான்குக்கு மேல் போகும்போது பழையதை பில்டிலிருந்து எடுத்துவிட்டு, அதன் உறைந்த தளத்துக்கு ஓர் இணைப்பை மட்டும் வைப்பது நல்லது. அப்படிச் செய்யும் கணத்தில் நீங்கள் இந்த வழியோடு உறைந்த எச்டிஎம்எல் வழியையும் சேர்த்துப் பிடித்தவராகிறீர்கள்.

கிளைகளிலிருந்து பில்ட்

2010-இல் தொடங்கப்பட்ட ரீட் த டாக்ஸ் சேவை இந்த வழியின் நன்கறியப்பட்ட வடிவம். களஞ்சியத்தை அதனுடன் இணைத்துவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கிளைக்கும் டேக்குக்கும் அது தனித்தனியே தளத்தை உருவாக்குகிறது. முன்னோட்ட வெளியீடுகளை விலக்கி, எண்ணில் உயர்ந்த டேக்கை 'ஸ்டேபிள்' என்ற முகவரியிலும், முதன்மைக் கிளையை 'லேட்டஸ்ட்' என்ற முகவரியிலும் தானாகவே வைக்கிறது. எம்கேடாக்ஸ் உலகில் 'லேட்டஸ்ட்' என்ற பெயரை அண்மையில் வெளியான பதிப்புக்கு வைப்பதே வழக்கம் என்பதால், இரண்டுக்கும் பழகியவர்கள் இங்கே ஒருமுறை நிதானிக்க வேண்டும். வெளியாகாத வசதிகளை விளக்கும் தளத்தை முகப்பாக வைத்துவிடுவது எளிது.

ஒவ்வொரு பதிப்பும் அதன் காலத்து அமைப்புக் கோப்புடனும் அதன் காலத்துச் சார்புத் தொகுப்புகளுடனும் தனியாக பில்ட் ஆவதால், நகல் வழியில் பார்த்த பெருக்கல் இங்கே இல்லை. ஆனால் காலம் வேறு வழியில் உள்ளே வருகிறது. ஸ்பிங்க்ஸ் பக்கங்களை உருவாக்கப் பயன்படுத்தும் ஜின்ஜா என்ற வார்ப்புருத் தொகுப்பின் 3.1 பதிப்பு 2022 மார்ச்சில் வெளியானபோது, முன்பே கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்த சில பெயர்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான 'என்விரான்மென்ட்ஃபில்டர்' என்பதைப் பழைய ஸ்பிங்க்ஸ் பதிப்புகள் இறக்குமதி செய்துகொண்டிருந்தன. ஸ்பிங்க்ஸின் பதிப்பு எண்ணை மட்டும் மாறாதபடி பூட்டி, ஜின்ஜாவின் எண்ணைப் பூட்டாமல் விட்டிருந்த திட்டங்களில், ஒரு வரிகூட மாறாத பழைய கிளைகள் திடீரென்று இறக்குமதிப் பிழையோடு பில்டில் விழுந்தன. நேரடியாகச் சார்ந்திருக்கும் தொகுப்பைப் பூட்டினால் போதாது, அது சார்ந்திருப்பவற்றையும் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. சேவையின் விதிகளும் மாறுகின்றன: 2023 செப்டம்பரிலிருந்து ரீட் த டாக்ஸ், களஞ்சியத்துக்குள் தனக்கான யாமல் அமைப்புக் கோப்பு இல்லாத பதிப்புகளை பில்ட் செய்வதில்லை. அந்தக் கோப்பு இல்லாமல் 2018-இல் இடப்பட்ட டேக்கை இன்று புதிதாக பில்ட் செய்ய இயலாது. டேக்கை மாற்றுவதும் முறையல்ல. முன்பு வெற்றிகரமாக உருவான பக்கங்கள் அப்படியே தொடர்ந்து கிடைக்கும், ஆனால் அவற்றில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் அந்த டேக்கிலிருந்து ஒரு கிளை பிரித்து, கோப்பைச் சேர்த்து, அதை பில்ட் செய்ய வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை, டேக்குகளை விடப் பராமரிப்புக் கிளைகளையே ஆவணத்தளத்துக்கு மூலமாக வைப்பது. 1.4 என்ற வரிசைக்கு ஒரு கிளை இருந்து, ஆவணப் பதிப்பும் அதையே சுட்டினால், திருத்தம் என்பது அந்தக் கிளைக்கு ஒரு கமிட்டைக் கொண்டுபோவது மட்டுமே. ஜாங்கோ போன்ற திட்டங்கள் நிரல் திருத்தங்களுக்காகவே இப்படிக் கிளைகளை வைத்திருக்கின்றன. அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கும் திட்டத்துக்கு ஆவணத்துக்கென்று புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. பழக்கம் இல்லாத இடத்தில் ஆவணத்துக்காக மட்டும் கிளைகளைத் தொடங்கினால், முதன்மைக் கிளையில் செய்த திருத்தங்களைப் பழைய கிளைகளுக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல் போகும்.

ரீட் த டாக்ஸின் ஒரு வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்ப்பது பழைய பதிப்பு என்ற எச்சரிக்கையையும் பதிப்பு மாற்றும் பட்டியலையும், பக்கத்தை வழங்கும் நேரத்தில் சேவையே சேர்க்கிறது. பழைய பக்கங்களை மீண்டும் பில்ட் செய்யத் தேவையில்லை. சமூகத் திட்டங்களுக்கு இச்சேவை இலவசம், பதிலுக்குப் பக்கங்களில் விளம்பரம் வரும். இந்தப் பரிமாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன். விளம்பரத்தை ஏற்க முடியாத திட்டங்கள் வேறு வழி பார்க்கலாம்.

ஆன்டோரா என்ற தளம் கட்டும் கருவியும் கிளைகளிலிருந்தே எடுக்கிறது, ஆனால் அதன் அணுகுமுறை வேறு. ஒரு பிளேபுக் கோப்பில் பட்டியலிட்ட பல களஞ்சியங்களிலிருந்தும் பல கிளைகளிலிருந்தும் உள்ளடக்கத்தை ஒரே ஓட்டத்தில் திரட்டி, ஒரே தளமாகக் கட்டுகிறது. எனவே எல்லாப் பதிப்புகளுக்கும் ஒரே தீம் கிடைக்கிறது. ஒரு பக்கம் எந்தப் பதிப்பில் இருக்கிறது, எதில் இல்லை என்பது அதற்குத் தெரிவதால், பதிப்பை மாற்றும்போது பயனர் இல்லாத பக்கத்தில் போய் முட்டுவதைத் தவிர்க்க முடிகிறது. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கும் ஃபெடோராவும் இதைப் பயன்படுத்துகின்றன. ஐந்தாறு களஞ்சியங்களாகச் சிதறிக் கிடக்கும் ஒரு பெரிய திட்டத்துக்கு இதற்கு ஈடான மாற்று எனக்குத் தெரிந்து இல்லை; ஒரே களஞ்சியம் கொண்ட லைப்ரரிக்கு இதன் அமைப்பு வேலை மிகை. ஆஸ்கிடாக் என்ற குறியீட்டு முறையில்தான் எழுத வேண்டும் என்பதையும் முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உறைந்த எச்டிஎம்எல்

எம்கேடாக்ஸுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படும் மைக் என்ற சிறு கருவியின் கொள்கை நேரடியானது: ஒரு பதிப்புக்கான பக்கங்களை ஒருமுறை உருவாக்கிவிட்டால், பிறகு அவற்றைத் தொடவே தேவையிருக்கக் கூடாது. வெளியீட்டின்போது அது தளத்தை பில்ட் செய்து, கிட்ஹப் தரும் தளம் வெளியிடும் வசதியான கிட்ஹப் பேஜஸுக்குரிய கிளையில் 1.4 என்ற கோப்புறைக்குள் போடுகிறது, தளத்தின் வேரில் (மேல்நிலைக் கோப்புறையில்) இருக்கும் பதிப்புப் பட்டியலைப் புதுப்பிக்கிறது, விரும்பினால் 'லேட்டஸ்ட்' போன்ற ஒரு மாற்றுப்பெயரையும் நகர்த்துகிறது. மற்றக் கோப்புறைகள் இருந்தபடியே இருக்கும். ஜூலியா மொழியின் டாக்குமென்டர் தொகுப்பும் இதையே செய்கிறது. இரண்டையும் பயன்படுத்தாதவர்கள் இருபது வரி ஷெல் ஸ்கிரிப்டில் இதை எழுதிக்கொள்ளலாம். எந்தக் கருவியாக இருந்தாலும் அது உருவாக்கித் தருவது ஒரு கோப்புறைதானே.

ஜின்ஜா உடைந்தாலும், எம்டிஎக்ஸ் கண்டிப்பானாலும், உறைந்த பக்கங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஐம்பதாவது பதிப்பின் பில்டும் முதல் பதிப்பின் பில்டும் ஒரே நேரம்தான் எடுக்கும். கருவியையே மாற்றினாலும் பழையவை அப்படியே நிற்கும். இது வெறும் கற்பனைச் சாத்தியம் அல்ல: எம்கேடாக்ஸ் பயன்படுத்துவோரிடையே மிகவும் பரவியிருக்கும் மெட்டீரியல் தீம், 2025 நவம்பரில் பராமரிப்பு நிலைக்கு மட்டும் மாறியது, அதை உருவாக்கியவர்கள் ஜென்சிக்கல் என்ற புதிய கருவிக்கு நகர்ந்தார்கள். உறைந்த பக்கங்களை வைத்திருக்கும் திட்டத்துக்கு இந்தச் செய்தி அடுத்த பதிப்பைப் பற்றிய கவலை மட்டுமே.

இதன் விலை, உரைகல் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் 'திருத்த மாட்டோம்' என்றே பதில் சொல்ல வேண்டியிருப்பது. உரையில் பிழை என்றால் பெரிய நட்டமில்லை. ஆனால் 1.2-இன் நிறுவல் பக்கம் பாதுகாப்புக் குறைபாடுள்ள ஓர் அமைப்பைப் பரிந்துரைக்கிறது என்று பின்னால் தெரியவந்தால், அந்தப் பக்கத்தில் எச்சரிக்கை போட்டே ஆக வேண்டும். பழைய டேக்கை மீண்டும் பில்ட் செய்ய முடியாவிட்டால், உருவான எச்டிஎம்எல்லையே கையால் திருத்த நேரிடும். இதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு, அதை முதல் பதிப்பை உறையவைக்கும் முன்பே செய்துவிட வேண்டும். எல்லாப் பக்கங்களும், பதிப்புக் கோப்புறைகளுக்கு வெளியே தளத்தின் வேரில் இருக்கும் ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஏற்றும்படி தீமில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தக் கோப்பு இன்று காலியாகவே இருக்கட்டும். ஆண்டுகள் கழித்துப் பழைய பக்கங்களில் எச்சரிக்கைப் பட்டை வேண்டுமானாலும், பதிப்புப் பட்டியலின் வடிவம் மாறினாலும், மாற்ற வேண்டியது அந்த ஒரு கோப்பைத்தான். டாக்குமென்டர் தான் வேரில் வைக்கும் பதிப்புக் கோப்பின் மூலம் இப்படித்தான் பழைய பக்கங்களில் எச்சரிக்கையைக் காட்டுகிறது. நம்பை, பாண்டாஸ் போன்ற பைத்தான் தொகுப்புகள் பயன்படுத்தும் பைடேட்டா தீம், பதிப்பு மாற்றும் பட்டியலை ஒரு பொதுவான ஜேசன் கோப்பிலிருந்து படிப்பதும் இதே நோக்கத்தில்தான்.

கிட்ஹப் பேஜஸில் வெளியிடுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கிளையிலிருந்து வெளியிடுவது ஒரு முறை, கிட்ஹப்பின் தானியங்கிப் பணி வசதியான ஆக்ஷன்ஸ் ஓட்டத்திலிருந்து தொகுப்பாக ஏற்றி வெளியிடுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் ஒவ்வொரு ஏற்றமும் தளம் முழுவதையும் மாற்றீடு செய்கிறது. புதிய பதிப்பின் கோப்புறையை மட்டும் ஏற்றினால் பழையவை எல்லாம் அக்கணமே மறைந்துவிடும். எனவே உறைந்த வழிக்குக் கிளை முறையே இயல்பானது. அதே சமயம், களஞ்சியத்தைக் குளோன் செய்பவர்களுக்கு (முழுதாக நகலெடுப்பவர்களுக்கு) அந்தக் கிளையின் வரலாறும் சேர்ந்தே இறங்கும். படங்கள் நிறைந்த ஆவணத்தை ஒவ்வொரு மெர்ஜுக்கும் அதில் பில்ட் செய்து கமிட் செய்தால், நிரலைவிட ஆவணத்தின் எச்சம் பெரிதாகிவிடும். வளர்ச்சிப் பதிப்பின் பக்கங்களை வேறிடத்தில் வெளியிட்டு, வெளியான பதிப்புகளை மட்டும் இந்தக் கிளையில் சேர்ப்பது, அல்லது வெளியீட்டுக்கென்றே தனிக் களஞ்சியம் வைப்பது இதற்கு மருந்து. வெளியிடப்படும் தளத்துக்கு 1 ஜிபி என்ற வரம்பும் இருக்கிறது.

எந்த வழியாக இருந்தாலும்

தேடுபொறிக்குப் பதிப்பு எண்ணைப் பற்றிய உணர்வு கிடையாது. நெடுநாள் இருந்து பல இடங்களிலிருந்து இணைப்புப் பெற்ற 1.2-இன் பக்கத்தையே அது முதலில் காட்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ஆவணத்தில், எப்போதும் அண்மைப் பெரும் பதிப்பைக் காட்டும் 'கரன்ட்' என்ற நிலையான முகவரி ஒன்று இருக்கிறது. பக்கத்தின் மேலே அதே பக்கத்தின் மற்றப் பதிப்புகள் பட்டியலிடப்படுகின்றன, ஆதரவு முடிந்தவை தனியாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன. பழைய பக்கங்களின் தலைப்பகுதியில் கனோனிக்கல் இணைப்பாக (இதுவே முதன்மையான பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பாக) அந்த நிலையான முகவரியைக் கொடுப்பதுதான் சரியான வழி. இங்கே பலரும் செய்யும் ஒரு குழப்பம், பழைய கோப்புறைகளை, எதைத் திறக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுவது. தடுத்துவிட்டால் தேடுபொறி அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. திறக்காததால் உள்ளே இருக்கும் கனோனிக்கல் இணைப்பையோ, பட்டியலிடாதே என்ற குறிப்பையோ அது பார்ப்பதில்லை. வெளி இணைப்புகளை மட்டும் வைத்து அந்த முகவரியை முடிவுகளில் தொடர்ந்து காட்டவும் கூடும்.

பக்கங்கள் இடம் மாறும்போது திருப்பிவிடுதல் தேவைப்படும். கிட்ஹப் பேஜஸில் வழங்கி அளவில் திருப்பிவிட வழியில்லை, ஒவ்வொரு பழைய முகவரியிலும் ஒரு குட்டி எச்டிஎம்எல் பக்கம் வைத்துத்தான் செய்ய முடியும். தளங்களை வழங்கும் மற்றச் சேவைகளான நெட்லிஃபையும் கிளவுட்ஃபிளேர் பேஜஸும் இதற்கெனத் தனிக் கோப்பு தருகின்றன. ஆனால் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் ஒரு தளத்துக்கு 20,000 கோப்புகள் என்ற வரம்பு உண்டு. தானாக உருவாக்கப்படும் ஏபிஐ குறிப்புகளோடு ஒரு பதிப்புக்கு 400 கோப்புகள் என்றால், ஐம்பது பதிப்புகளில் வரம்பு நிரம்பிவிடும். படங்களும் ஸ்டைல் கோப்புகளும் அந்தக் கணக்கில் சேரும்.

மென்பொருளே தன் பிழைச்செய்தியில் ஆவணப் பக்கத்தின் முகவரியை அச்சிடுவதாக இருந்தால், அந்த முகவரியில் அந்த வெளியீட்டின் பதிப்பு எண் இருக்க வேண்டும். நிலையான முகவரியைக் கொடுத்தால், மூன்று ஆண்டு கழித்து அதைச் சொடுக்குபவர் வேறொரு மென்பொருளின் விளக்கத்தைப் படிப்பவராகிவிடுவார்.

எதை எடுப்பது

ஒருவரோ இருவரோ பராமரிக்கும், உடைக்கும் மாற்றங்கள் அரிதான லைப்ரரிக்கு ஒரே ஆவணமும் உள்ளே பதிப்புக் குறிப்புகளும் போதும், 2.0 வரும் நாளில் 1.x-இன் கடைசி நிலையை உறையவைத்து ஓரிடத்தில் வைத்தால் முடிந்தது. நிரல் திருத்தங்களுக்காக ஏற்கெனவே பராமரிப்புக் கிளைகள் வைத்திருக்கும் திட்டத்துக்கு ரீட் த டாக்ஸ் இயல்பாகப் பொருந்தும், குறிப்பாக ஸ்பிங்க்ஸ் ஏற்கெனவே இருக்குமானால். பல களஞ்சியங்கள் கொண்ட திட்டத்துக்கு ஆன்டோரா. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பதிப்புகள்தான் உயிரோடு இருக்கும், அவற்றின் ஆவணங்கள் இடைவிடாமல் திருத்தப்படும், எழுதுபவர்களில் பலர் நிரலாளர்கள் அல்லர் என்றால் டாக்குசாரஸின் நகல் வழி. இவை எதுவும் பொருந்தாத மற்ற அனைவருக்கும், அதாவது பெரும்பான்மைக்கு, வேரில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்போடு கூடிய உறைந்த எச்டிஎம்எல்லையே நான் பரிந்துரைப்பேன். திருத்த மாட்டோம் என்ற பதிலை வெளிப்படையாகச் சொல்லிவிடும் நேர்மை அதில் இருக்கிறது.

ஆதரவு முடிந்த பதிப்பை என்ன செய்வது என்பதில் திட்டங்கள் வேறுபடுகின்றன. குபர்னெட்டிஸ் தளம் நடப்புப் பதிப்பையும் அதற்கு முந்தைய நான்கையும் மட்டுமே வழங்குகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மிகப் பழையவற்றையும் விட்டுவைத்திருக்கிறது. ஓராண்டுக்கு மூன்று முறை வெளியாகி, பயனர்களைத் தொடர்ந்து முன்னே தள்ளும் மென்பொருளுக்கு முதலாவது பொருந்தும். மற்றவர்கள் பழைய பக்கங்களை பில்டிலிருந்து எடுத்துவிட்டு, எச்டிஎம்எல்லாக அதே முகவரியில் விட்டுவைத்து, ஆதரவு முடிந்த தேதியைப் பட்டையில் போட்டால் போதும். அழிப்பதால் மிச்சமாவது சில மெகாபைட்டுகள்தான், உடைவதோ அந்தப் பக்கங்களை நோக்கி உலகெங்கும் எழுதப்பட்ட இணைப்புகள்.